குரக்கனை அரைப்பவர் யார்?

கோதுமை விளையாத நாடு நமது நாடு. ஆயினும் கோதுமை மா இல்லாமல் இங்கு ஒரு பொழுது விடிவதில்லை. மன்னார் நகரத்து வெதுப்பகங்களில் நள்ளிரவு தொடக்கம் போறணை எரிகின்றது. விடிந்ததும் விடியாததுமாகப் பாணும் பணிசும் ஏற்றிய முச்சக்கர வண்டிகள் பாட்டிசைத்துக்கொண்டு தாழ்வுபாட்டுக்கும் பேசாலைக்கும் ஓடுகின்றன. வண்டி நிற்குமிடத்துக்குச் சில்லறையோடு ஓடிவரும் பிள்ளைகளுட் பலர் எம் பாடசாலை மாணவர். ஏழரை மணிக்கு அவர்கள் வகுப்பில் வந்தமரும்போது வயிற்றில் இருப்பது அந்தப் பணிசும் ஒரு கோப்பைத் தேநீருமே. பத்து மணிக்குள் அவர்களுடைய கண்கள் சோர்ந்துவிடுகின்றன. கரும்பலகைக்கு முன்னால் நிற்பவருக்கு அது நன்றாகத் தெரியும்.

இப்படித் தொடங்கியதும், பழந்தமிழர் உணவின் பெருமை பற்றிய இன்னொரு கட்டுரை வரப்போகிறதென்று வாசகர் அஞ்சக்கூடும். அஞ்ச வேண்டா. அத்தகைய கட்டுரைகள் இன்று மலிந்து கிடக்கின்றன. ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டெனக் கொண்டாடியது. குரக்கனும் சாமையும் தினையும் வரகும் பளபளக்கும் பைகளிற் புகுந்து கொழும்புப் பேரங்காடிகளின் தட்டுகளில் ஏறிவிட்டன. முழுத் தானியமே நன்று, வெண்மா தீது என்பதை இன்று மருத்துவரும் கூறுகிறார், வானொலியும் கூறுகிறது, பேருந்தில் அருகில் இருப்பவரும் கூறுகிறார். நாமும் அக்கட்சியைச் சேர்ந்தவரே. குரக்கன் நல்லதென்றே கொள்வோம். ஆயின் அதை அரைப்பவர் யார்? இக்கேள்வியை எழுப்புவாரைத்தான் நாம் இதுவரை கண்டிலோம்.

சென்ற ஆண்டு எம் உயர்தர வகுப்பில் புறநானூறு பற்றிப் பேச நேர்ந்தது. மாங்குடி கிழாரின் பாடலொன்றில் (335) ஒரு சிற்றூருக்கு உரிய உணவுகள் எண்ணப்படுகின்றன. வரகு, தினை, கொள்ளு, அவரை என்னும் நான்குமே உணவாம், வேறில்லையாம். நெல்லுக்கு அந்த வரிசையில் இடமே இல்லை. இதைச் சொல்லிவிட்டு, வரகைக் கண்டவர் யாரென்று வினவினோம். ஒருவரும் கை உயர்த்தவில்லை. தினையைக் கண்டவர்? பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான்.

“ரீச்சர், அது குருவிக்குப் போடுறது. கடையில விக்குது.”

வகுப்புச் சிரித்தது, நாமும் சிரித்தோம். அவன் சொன்னதிற் பிழையில்லை. எம் அயலிலே தினை விற்கும் கடை கூண்டுப் பறவைகளுக்குத் தீன் விற்கும் கடைதான். வள்ளி பரண்மேல் நின்று குருவிகளை ஓட்டிக் காத்த தினை இன்று குருவிகளுக்கே உரியதாயிற்று. அந்த நெடும்போரில் குருவிகளே வென்றன போலும்.

கோதுமையை நேற்று வந்த அந்நியனென்று ஒதுக்கிவிடலாகாது. அதன் பழைய தடம் மன்னார் வாசலிலேயே கிடக்கிறது. திருக்கேதீச்சரக் கோயிலை அடுத்த மாந்தை மேட்டில், பழைய மாதோட்டத் துறை புதையுண்ட இடத்தில், 1980 தொடக்கம் 1984 வரை அகழ்வு நடந்தது. போர் அதனை நிறுத்தியது. 2009இலும் 2010இலும் மீண்டும் தோண்டினார்கள். தோண்டிய மண்ணை நீரிற் கரைத்து, மேலே மிதந்த கரிந்த மணிகளைச் சல்லடையில் ஏந்தி ஆராய்ந்தார்கள். 2018இல் அம்முடிவுகள் வெளிவந்தன. மிகுதியாகக் கிடைத்த தானியம் நெல். மிளகும் கராம்பும் இருந்தன. கூடவே சில கோதுமை மணிகளும் இருந்தன, ஏறத்தாழக் கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இந்த மண்ணில் விளையாத பொருளாதலால் அவை மரக்கலமேறி வந்தவையே. தூரதேசத்து வணிகன் தன் நாவுக்குப் பழகிய உணவைத் தானே சுமந்து வந்திருக்கிறான். அக்காலத்தில் அது துறைமுகத்துச் சரக்கு. உழவன் வீட்டுக் கலத்தில் அதற்கு இடமில்லை. உழவன் கலத்துள் அது புகுந்த கதை மிக அண்மையது. அதற்கு ஆண்டும் திகதியும் உண்டு.

குரக்கன் பெரும்பாலும் சேனைப் பயிர். காட்டை வெட்டி எரித்துச் சாம்பல் படிந்த நிலத்தில் மாரி மழைக்கு விதைப்பார்கள். ஓரிரு போகம் எடுத்தபின் நிலத்தைக் காட்டுக்கே விட்டுவிட்டு வேறிடம் பெயர்வார்கள். நிலையாக ஓரிடத்தில் இராத இந்த விவசாயத்தை வெள்ளைத் துரைமார் வெறுத்தனர். 1840ஆம் ஆண்டுச் சட்டம், உரிமை காட்ட முடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரிய நிலம் என்றது. கோப்பித் தோட்டக்காரனுக்கு அந்நிலம் விலைக்குக் கிடைத்தது. சேனைக்காரனோ தன் பாட்டன் வெட்டிய காட்டுக்கு அனுமதிச் சீட்டுக் கேட்டு நிற்க வேண்டியவனானான்.

அதன்பின் உலகப்போர் வந்தது. 1942இல் பர்மா யப்பானியர் கையில் வீழ்ந்தது. அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அரிசிக்குப் பங்கீடு வந்தது. குறைந்த அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா வந்தது. போர் முடிந்தது, மா போகவில்லை. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஓகஸ்ட் 12ஆம் திகதி உழைக்கும் மக்கள் ஹர்த்தால் நடத்தி ஆட்சியையே அசைத்தார்கள். அரிசிக்காக அவர்கள் தெருவில் இறங்கியது நியாயமே. குரக்கனுக்காக எவரும் இறங்கவில்லை. ஏழையின் தானியத்துக்கு மானியமும் கிடையாது, கூப்பனும் கிடையாது. பறிக்க ஒன்றுமில்லாதபோது போராட்டம் எங்கிருந்து வரும்?

பின்னர் அமெரிக்க உதவியாக மா வந்தது. முதியவர்கள் இன்றும் அதனை ‘அமெரிக்கன் மா’ என்றே கூறுவர். 1980இல் திருகோணமலையில் பிறிமா ஆலை இயங்கத் தொடங்கியது. அதன்பின் கோதுமை மணி கப்பலில் வந்திறங்க, தவிடு கழிந்த வெண்மா இங்கேயே அரைபட்டது. வல்லரசொன்று தன் களஞ்சியத்தில் மிகுந்ததை உதவியென்று அனுப்புகிறது. உண்பவன் நா அதற்குப் பழகுகிறது. பழகியபின் அது உதவியாக வருவதில்லை, விலையாக வருகிறது. இதனை விளங்கிக்கொள்ளப் பொருளாதாரப் பட்டம் வேண்டியதில்லை.

நிற்க. இவ்வளவையும் எம் போன்றோர் மேடையில் நின்று சொல்லலாம், கைதட்டும் கிடைக்கும். ஆயின் இவ்வரலாற்றில் ஓர் அறை திறக்கப்படாமலே இருக்கிறது. அது அடுக்களை.

எம் அம்மம்மா அடம்பன் பக்கத்தில் மேட்டு நிலத்தில் குரக்கன் விதைத்தவர். குரக்கன் நெல்லைப் போல ஒரே நாளில் முற்றித் தலைசாய்வதில்லை. இன்று சில கதிர், நாளை சில கதிர் என்று தேடித் தேடிக் கொய்ய வேண்டும். கொய்தவர்கள் பெண்கள். காயவைத்து, தடியால் அடித்து, சுளகில் புடைத்துப் பதர் போக்க வேண்டும். மணிக்கும் மணலுக்கும் ஒரே பருமனாதலால் புடைத்தால் மட்டும் மணல் போகாது. அரிக்கன் சட்டியில் நீர்விட்டு, சுழற்றிச் சுழற்றி அரிக்க வேண்டும். பிறகு பாயில் உலர்த்தி, இளஞ்சூட்டில் வறுத்து, திரிகையில் இட வேண்டும். திரிகைக் கல்லின் வாயில் ஒரு கை தானியம் இடும். மறு கை சுற்றும். ஒரு குடும்பத்தின் இராப் பிட்டுக்கு வேண்டிய மா விழுவதற்குள் சுற்றும் கை மரத்துப்போகும். விடியப்புறம் நான்கு மணிக்கு அந்தக் கல் உறுமத் தொடங்குவது எமக்கு நினைவிருக்கிறது. அம்மம்மாவின் வலது தோள் இடது தோளிலும் சற்றுத் தாழ்ந்தே இருந்தது. அது பிறவிக் குறையென்று சிறுவயதில் எண்ணியிருந்தோம். எம் அம்மாதான் ஒருநாள் திரிகையைச் சுட்டிக் காட்டினார்.

அம்மாவுக்குக் குரக்கன்மேல் காதல் இல்லை. “எனக்கு மா வந்தது பெரிய நிம்மதி, பிள்ளை” என்பார். கோதுமை மாவைத் துணியிற் கட்டி ஒருமுறை அவித்து, அரிதட்டில் அரித்துப் பேணியில் போட்டுவிட்டால் நாலைந்து நாள் கவலையில்லை. வேண்டும்போது அள்ளிக் குழைத்துக் கொத்தி நீற்றுப்பெட்டியில் வைத்தால் கால்மணி நேரத்தில் பிட்டு. வேறொரு காரணமும் இருந்தது. “குரக்கன் தின்னுற வீடு” என்று ஊரில் ஒரு சொல் உண்டு. அரிசிக்கு வழியில்லாத வீடு என்பது அதன் பொருள். கலியாணப் பேச்சுக்கு ஆள் வரும் நாளில் குரக்கன் பானையைப் பின்பக்கத்தில் மறைத்த கதையை அம்மா சிரித்துக்கொண்டே சொல்வார். ஆகவே, அந்நிய மா எம் பெண்களை ஏமாற்றி வீட்டுக்குள் நுழைந்ததென்று எழுதுவது அரை உண்மை. அவர்கள் கதவைத் திறந்து அதனை வரவேற்றார்கள். அவர்களுடைய தோளைக் கேட்டால் அதன் நியாயம் தெரியும்.

மாவை வைய எமக்கு நாவெழாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2008இல் போர் எம் ஊர்ப்பக்கம் வந்தது. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றக்கூடியதை ஏற்றிக்கொண்டு வன்னிக்குள் நகர்ந்தோம். அம்மம்மா திரிகையையும் ஏற்றச் சொன்னார். கல்லுக்கு இடமில்லையென்று கிணற்றடியில் விட்டுவிட்டார்கள். அதன்பின் ஓராண்டில், 2009இல், செட்டிகுளத்துக் கூடாரங்களில் எம்மோடு இலட்சக்கணக்கானோர் உயிரோடு இருந்தது அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய் என்னும் உலர் உணவுப் பங்கீட்டினால். பெண்கள் அந்த மாவிலேயே ரொட்டி, கொழுக்கட்டை, கஞ்சி என்று நாளுக்கொரு வடிவம் கண்டார்கள். மிஞ்சியதைக் கொடுத்து மிளகாயும் பழப்புளியும் மாற்றிக்கொண்டார்கள். எமக்கு முன்னரே இதே பாடத்தைப் படித்தவர்களும் இத்தீவில் உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் எருக்கலம்பிட்டியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் துரத்திய முஸ்லிம் மக்கள் புத்தளத்து ஓலைக் குடிசைகளில் ஆண்டாண்டாய்ப் பங்கீட்டு உணவில் வாழ்ந்தார்கள். முகாமில் பிறந்த பிள்ளைக்கு மாதான் முதற் சோறு. அப்பிள்ளை வளர்ந்து பாணை விரும்பினால் அதற்கு நாகரிக மோகம் என்று பெயர் வைப்பது கொடுமை.

அம்மம்மா முகாமிலிருந்து திரும்பவில்லை. திரிகையும் கிடைக்கவில்லை. அம்மாவுக்கு இப்பொழுது நீரிழிவு. மாதந்தோறும் சிகிச்சை நிலையத்தில் நாலு மணிநேரம் காத்திருந்தால் மருந்தோடு ஒரு புத்திமதியும் கிடைக்கிறது: “மாச் சாப்பாட்டைக் குறையுங்கோ, குரக்கன் சாப்பிடுங்கோ.” புத்திமதி சரியே. நூறு கிராம் குரக்கனில் சுண்ணாம்புச் சத்து 340 மில்லிகிராமுக்குக் குறையாது. அதே நிறை வெண்மாவில் அது 20ஐ ஒட்டியே இருக்கும். குரக்கன் மணியின் தோலை நீக்குவது கடினமாதலால் அது தோலோடே அரைபடுகிறது, நார்ச்சத்துக் கழிவதில்லை. கோதுமையின் பசையம் சிலர் குடலுக்கு ஒவ்வாது. குரக்கனில் அப்பசையம் இல்லை. ஆயினும் இதனை மருந்தென்று மயங்குவாரும் உளர். பட்டுப்போல் அரைத்த மாவைக் கஞ்சியாய்க் காய்ச்சிச் சீனியும் இட்டுக் குடித்துவிட்டு, இரத்தத்தில் சர்க்கரை ஏன் ஏறியது என்று வியந்தால் குரக்கன் என்ன செய்யும்? கரகரப்பாக அரைத்த மா, அளவான பிட்டு, கூடவே கீரையும் மீனும் என்பதே தக்க முறை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் அதனைச் செய்கிறோம். பசையம் இல்லாத மாவாதலால் ரொட்டி தட்டினால் ஓரம் வெடிக்கும். கொதிநீர் விட்டுக் குழைத்து, தேங்காய்ப்பூச் சேர்த்து, சற்றுத் தடிப்பாகத் தட்டினால் தாங்கும். பிட்டுக்கு உப்பு நீரைத் தெளித்துத் தெளித்துப் பிசற வேண்டும். நீர் ஒரு கை கூடினால் களியாகிவிடும். திரணையைச் சுண்டால் கொத்தி, தேங்காய்ப்பூவோடு நீற்றுப்பெட்டியில் இட்டு அவித்தால், மழை விழுந்த புழுதி மணம்போல ஒரு மணம் எழும். அதற்கு இணை மன்னார்க் கருவாட்டுக் குழம்பு. பிள்ளைகளுக்குப் பனங்கட்டி போதும். சாமை இதனிலும் எளிது. களைந்து இரண்டரைப் பங்கு நீரில் இட்டால் சோறு வெந்துவிடும். ஆயின் சாமைக்கும் வரகுக்கும் உமி கடியது. நல்ல இயந்திரம் இல்லாத ஊரில் உலக்கைதான் கதி. தீவின் மணலில் குரக்கனோ நெல்லோ பெரிதாய் விளைவதில்லை, பனைதான் விளைகிறது. ஒடியல் மாவை ஊறவைத்துக் கைப்பு நீக்கி, நண்டும் இறாலும் இட்டுக் காய்ச்சும் கூழ் இத்தீவின் பழைய உணவு. அதுவும் இன்று விருந்தினருக்கென்று ஆண்டுக்கொருமுறை காய்ச்சும் காட்சிப் பொருளாகி வருகிறது.

ஏன் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்? பாடசாலைக்குப் போகும் ஐந்து நாளும் விடியப்புறம் கல் சுற்ற எம்மால் இயலாது என்பதே விடை. கடையில் பையில் அடைத்த குரக்கன் மா உண்டு. அதன் விலை கோதுமை மாவின் விலையிலும் இருமடங்குக்கு மேல். பேசாலைக் கரையில் வலை தெரிந்து கூலி வாங்கும் பெண் அதை வாங்குவாளா? கூலிக்காரியின் பானையில் ஒளித்து வைக்கப்பட்டிருந்த தானியம் இன்று கனவானின் மேசைக்கு மட்டும் எட்டுகிறது. ஒரு தலைமுறைக்குள் நடந்த மாற்றம் இது.

மா மலிவென்ற நம்பிக்கையும் ஒருமுறை உடைந்தது. 2021இல் இரசாயன உர இறக்குமதி ஒரேயடியாய்த் தடுக்கப்பட்டு விளைச்சல் வீழ்ந்தது. 2022இல் நாட்டில் டொலர் இல்லை, எரிபொருள் இல்லை. யுக்ரேனில் போர் மூண்டு உலகெங்கும் கோதுமை விலை ஏறியது. மே மாதத்தில் இந்தியாவும் கோதுமை ஏற்றுமதியைத் தடை செய்தது. கருங்கடலோரத்தில் விழுந்த குண்டு எம் மாணவரின் பணிசையும் தாக்கியது. அவ்வாண்டு மார்ச்சில் மன்னாரிலிருந்து குழந்தைகளோடு படகேறியவர்கள் தனுஷ்கோடிக்கு அப்பால் மணற்றிட்டில் இறங்கினார்கள். அவர்களைத் துரத்தியது விலைவாசி. ஜூனில் அரசாங்கம் தன் ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அளித்து, வீட்டில் பயிர் செய்யுமாறு கூறியது. (எரிபொருளின்றிப் பாடசாலைகள் மூடிக் கிடந்தமையால் ஆசிரியராகிய எமக்கு எல்லாக் கிழமையும் வெள்ளிக்கிழமையாகவே இருந்தது.) அம்மாதங்களில் எம் ஒழுங்கையில் மூன்று வீடுகளில் குரக்கன் கேட்டு அலைந்தார்கள். கிடைத்த ஒரு வீட்டில், அரைக்க வழி தெரியாமல் அம்மியில் இழைத்துப் பார்த்தார்கள்.

எமது கோரிக்கை பெரிதன்று. கல் நீக்கும் இயந்திரமொன்று, உமி நீக்கும் இயந்திரமொன்று, மா அரைக்கும் இயந்திரமொன்று. மூன்றும் ஒரு கூரையின்கீழ், தனியாரின் இலாபத்துக்கன்றிக் கூட்டுறவின் பொறுப்பில் இருக்கட்டும். முசலியிலும் மாந்தையிலும் மேட்டுநிலக் குரக்கனை நியாய விலைக்கு அது வாங்கட்டும். பாடசாலை உணவில் கிழமைக்கொரு நாள் குரக்கனுக்கு இடம் கிடைத்தால் வாங்குபவர் நிச்சயமென்று உழவனும் விதைப்பான். இவ்வளவையும் இரண்டு பக்கத்தில் எழுதிப் பொறுப்பானவர்களுக்குக் கொடுத்திருக்கிறோம். கிடைத்ததென்ற கடிதம் வந்திருக்கிறது.

அதற்கிடையில் நகரில் மில் வைத்திருக்கும் ஒருவரிடம் போனோம். அரிசியும் மிளகாயும் அரைப்பவர். எம்மிடம் இருந்த ஒரு கிலோவைப் பார்த்துவிட்டு மரியாதையாகவே மறுத்தார்.

“ரீச்சர், இதை அரைச்சா அடுத்தாளின்ர அரிசிமா சிவந்துபோகும். ஒரு கிலோவுக்கு மெசினைக் கழட்டித் துடைக்கேலாது. பத்துக் கிலோவாச் சேத்துக்கொண்டு வாங்கோ, சனிக்கிழமை பின்னேரம் கடைசியா அரைச்சுத் தாறன்.”

அவர் சொன்னது கணக்கு. ஆகவே ஒழுங்கையில் ஐந்து வீடுகள் சேர்ந்தோம். ஒன்று கடற்றொழிலாளி வீடு, ஒன்று ஓய்வுபெற்ற தபாற்காரர் வீடு, ஒன்று புத்தளத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். மற்றவை ஆசிரியர் வீடுகள். வாங்குவதில் தகராறு எழவில்லை. மணல் அரித்து உலர்த்துவது யாரென்பதில்தான் பேச்சு நீண்டது. வீட்டுக்கு வீடு முறை வைத்துக்கொள்வதென்றும், அம்முறையில் ஆண்களின் பெயரையும் எழுதுவதென்றும் அம்மா சொன்னார். தபாற்காரர் முதலில் சிரித்தார். பிறகு, தமக்கு அரிக்கன் சட்டி பிடிக்கத் தெரியாதென்றார். பழக்கித் தருவதாக அம்மா சொல்லியிருக்கிறார். இதுவரை ஆறரைக் கிலோ சேர்ந்திருக்கிறது.